பெரிட்டினையும் பார்க்கச் சொல்லு

யாழ்ப்பாணம்

அன்புள்ள மகளுக்கு,

"கால் உளைவும் நாரி நோவும் விடுகுதில்லை அம்மா, டொக்டர் ரத்தம் நல்லாய் இருக்கு எண்டிட்டார்" என்றாய். அதைக் கேட்டதில் இருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

உன் ரத்தத்தில் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12.1 கிராம் என்றால் சோகை இல்லை, சரி. பெண்களுக்கு 12க்குக் கீழே போனால்தான் சோகை என்பார்கள். ஆனால் முதலில் வற்றுவது உடம்பு சேர்த்து வைத்த இரும்பு. ஈமோகுளோபின் இறங்குவது அதற்குப் பிறகுதான். அந்தக் கையிருப்பைக் காட்டுவது பெரிட்டின் என்கிற ரத்தப் பரிசோதனை. லீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் இரும்பு தீர்ந்த மாதிரி. 30க்குக் கீழே வந்தாலே மருந்து தொடங்குகிற டொக்டர்மாரும் இருக்கிறார்கள்.

இரும்பு ரத்தத்துக்கு மட்டும் இல்லை, பிள்ளை. தசை ஒட்சிசனைப் பிடித்து வைக்கவும் அது வேண்டும். மூளையில் டோபமின், செரட்டோனின் உண்டாக்கவும் வேண்டும். நோவைத் தணிப்பதில் இரண்டுக்கும் பங்கு உண்டு. படுத்தவுடன் கால் சும்மா கிடக்காமல் உதறச் சொல்லுதே, அதற்கும் இரும்புக் குறைவுக்கும் தொடர்பு இருப்பது நன்றாகத் தெரிந்த விஷயம். உடம்பெல்லாம் நோகும் பைப்ரோமயால்ஜியா உள்ள பெண்களில் பெரிட்டின் குறைந்திருப்பதைச் சில ஆய்வுகள் கண்டன, சில காணவில்லை. அதனால் உன் நோவுக்கு இதுதான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. பார்க்காமல் விடாதே என்கிறேன்.

மாதா மாதம் ஒரு கிழமை ரத்தம் போகிறதையும், இரவில் பாட் மாற்ற எழும்புகிறதையும் டொக்டரிடம் சொன்னாயா? வெட்கப்படாமல் சொல்லு. பொம்பிளைக்கு நோ வழமைதானே என்று சொல்லி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்! நினைக்கவே எனக்குக் கோபம் வருகிறது. இன்னொன்று, காய்ச்சல் நேரத்தில் பெரிட்டின் ஏறிக் காட்டும். சுகமான பிறகு ரத்தம் குடு.

இரும்புக் குளிசை தந்தால் வெறுவயிற்றில் தேசிக்காய்த் தண்ணியோடு போடு. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காதே, அது இரும்பை உடம்பில் சேரவிடாது. மலம் கறுப்பாய்ப் போனால் பயப்பட வேண்டாம். வயிற்றைப் பிரட்டினால், ஒன்றைவிட்ட ஒருநாள் போடலாமா என்று கேள். முருங்கையிலை வறை நல்லதுதான், ஆனால் வற்றின கையிருப்பு அதனால் மட்டும் நிரம்பாது. நீயாகக் கடையில் வாங்கியும் போடாதே, இரும்பு கூடினாலும் கெடுதி.

ரிசல்ட் வந்தவுடன் வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா