பாட்டுக் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்காமார், அண்ணன்மார், தம்பி தங்கச்சிமார், சேர், மாமா, அம்மாயி எல்லாருக்கும்,

வணக்கம். நாவல் அச்சாகி வந்துவிட்டது. புத்தகத்துக்குள் நன்றி சொல்ல எனக்குக் கிடைத்தது அரைப் பக்கம். பதிப்பாளருக்கும் மெய்ப்புப் பார்த்தவருக்கும் சொல்லி முடிப்பதற்குள் அது தீர்ந்துபோனது. என் கதை மாந்தர்களுக்குப் பாட்டுக் கொடுத்த உங்களுக்கு அரைப் பக்கம் காணாது என்பதால்தான் தனியாக இந்த மடல். பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் யாருக்குமே போடவில்லை. வாசிக்கும்போது யார் யார் என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கே தெரியும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இது கரப்பந்தாட்டத்தை வைத்து எழுதிய காதல் கதை. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டராக ஆடும் மல்லிகா, ஹட்டன் பக்கத்து அணி ஒன்றில் பின்னால் நின்று பந்தெடுக்கும் லிபரோவாக ஆடும் ரவி. இவர்களோடு மல்லிகாவின் அப்பா, ஒரு கோச், ஒரு தோழி, ஒரு போட்டிக்காரி. ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு உண்டு. பட்டியல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே பாட்டின் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. வாசித்துவிட்டு நீங்களே ஊகித்துப் பாருங்கள், அப்புறம் திருப்பிப் பாருங்கள்.

முதல் நன்றி கொட்டகலை அக்காவுக்கு. நாயகியின் குணத்துக்குப் பொருந்துகிற மாதிரி வரிகள் உள்ள பாட்டுகளை நான் வரிசையாகப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது அக்கா இப்படிக் கேட்டார்: "பாட்டு அவளப் பத்தி இருக்கணும்னு என்ன இருக்கு? அவ அத எங்க கேட்டா, யார் பாடிக் கேட்டா, அதச் சொல்லு." பிறகு எல்லாரிடமும் நான் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். வரி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த ஆள் அதைக் கேட்டிருக்க இடமில்லை என்றால் பட்டியலில் இடமில்லை. எத்தனையோ அருமையான பாட்டுகள் இதனால் வெளியே போயின. எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை.

ரவியின் பாட்டு விளையாட்டு சேர் தந்தது. கரப்பந்து 1916இல் வை.எம்.சி.ஏ. வழியாக இந்த நாட்டுக்கு வந்தது, 1991இல் தேசிய விளையாட்டானது என்று நான் குறிப்பெடுத்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வினாடி வினாவுக்கு. நீங்க முதல்ல லிபரோவ ஒழுங்கா எழுதுங்க" என்றார். லிபரோ என்கிற இடம் சர்வதேச விதிகளுக்குள் வந்ததே 1998இல்தான். அவன் சேர்விஸ் போடக் கூடாது, பிளொக் பண்ணக் கூடாது, வலைக்கு மேலே நிற்கிற பந்தை எதிர்ப்பக்கம் அடிக்கக் கூடாது. அணி முழுக்க ஒரு நிறம் போட்டிருக்க, அவனுக்கு மட்டும் வேறு நிறச் சட்டை. மேட்ச் முழுக்கத் தரையோடு தரையாகக் கிடந்து பந்தெடுப்பான், புள்ளி வேறு யாருக்காவது போகும். எங்கள் கூட்டத்துப் பெடியன்கள், நாயகன் என்றால் என்ட்ரி பாட்டு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். சேர் சிரித்தார். "விழுந்து பந்தெடுக்கிறவனுக்கு என்ட்ரியா? அவன் உள்ள வந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது." லிபரோ மாற்றத்துக்கு நடுவர் விசில்கூட அடிப்பதில்லை, உண்மைதான். ரவிக்குக் கிடைத்தது அண்ணனின் சலூனில் நாள் முழுக்க ஓடும் ஒரு டூயட். அதிலும் அவன் பல்லவியைப் பாடுகிறவன் இல்லை. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் புல்லாங்குழலை வாயால் ஊதுகிறவன். சேர், அந்த ஒரு யோசனையால் ரவி என் கையை விட்டு எழுந்து நடந்துவிட்டான்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். மல்லிகாவின் அப்பா ஸ்டோரில், அதாவது கொழுந்தை ரோலர் மெஷினில் உருட்டித் தேயிலையாக்கும் தொழிற்சாலையில், இரவு வேலை பார்ப்பவர். அவருக்கு என்ன பாட்டு என்று மஸ்கெலியா மாமாவிடம் கேட்டேன். மாமா ஆயுசு முழுக்க ஸ்டோரில் இருந்தவர். "ரோலர் ஓடத் தொடங்கினா பக்கத்துல நிக்கிறவன் கூப்பிட்டாலும் கேக்காது, பாட்டா கேக்கப் போகுது?" என்றார். சரி, அப்பாவுக்குப் பாட்டே வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. தேத்தண்ணி வந்தது. குடித்துக்கொண்டே மாமா மெதுவாகச் சொன்னார்: "கேக்காதுன்னுதான் நாங்க பாடுவோம். அடித் தொண்டையில இருந்து பாடுவோம். சுருதி தப்பினா யாருக்குத் தெரியும்?" பகலில் வீட்டில் வாய் திறக்காத மனிதர்கள், துரைக்குக் கைகட்டி நிற்கிற மனிதர்கள், ராத்திரி ரோலர் சத்தத்துக்குள் தொண்டை கிழியப் பாடியிருக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் ஒருவர் பாடுவது இன்னொருவருக்குத் தெரிவது வாய் அசைவதை வைத்து மட்டும்தான். எந்தப் பாட்டு என்று வாயைப் பார்த்தே கண்டுபிடிப்பார்களாம்.

அவர்கள் பாடியதெல்லாம் ரேடியோவில் கேட்டவை. இலங்கை வானொலி 1967இல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய பிறகும் வீட்டில் எல்லாரும் சிலோன் ரேடியோ என்றுதான் சொல்வார்களாம். நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். பாட்டு வருவது இரண்டாம் பட்சம். அறிவிப்பாளர் வாயிலிருந்து தங்கள் தோட்டத்தின் பெயர் வர வேண்டும், அதற்குத்தான் அத்தனை காத்திருப்பு. சிலர் அட்டையில் ஒரு முழு லயத்தின் பெயர்களையும் எழுதி அனுப்புவார்கள் என்றார் மாமா. நாவலில் அப்பா கேட்கும் பாட்டு அப்படி வந்த ஒன்று. மகள் இறுதிப் போட்டியில் ஆடும் ராத்திரி அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ரோலர் பக்கத்தில் நின்று அதைப் பாடுகிறார். அந்த அத்தியாயம் நன்றாக வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் பாராட்டு மஸ்கெலியாவுக்குப் போக வேண்டும்.

மல்லிகாவின் பாட்டு பொகவந்தலாவை அம்மாயியுடையது. சினிமாப் பாட்டு இல்லை, தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் பாடியது. வேலையாட்களை மேய்க்கும் கங்காணியைக் கிண்டல் பண்ணும் பாட்டு. அவர் கிட்டே வந்தால் ராகம் அப்படியே இருக்க, வார்த்தை மட்டும் மாரியம்மனுக்கு மாறிவிடும். பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் தட்டிக்கொண்டே அம்மாயி பாடினார். நடுவில் காயப் போட்ட மிளகாயில் கோழி வாய் வைக்க, அதே தாளத்தில் அதையும் விரட்டினார். போனில் அதுவும் பதிவாகியிருக்கிறது, வெட்டவில்லை. தலவாக்கலைக்கு 1947இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாக இந்த மாதிரிப் பாட்டுகளைச் சேர்த்தவர். அவர் சேர்த்ததற்கு வெளியே இன்னும் எவ்வளவு வாளித் தாளத்தோடு கிடக்கிறதோ.

செட்டருக்கு ஏன் இந்தப் பாட்டு? நடுவர் விசில் அடித்த பிறகு சேர்விஸ் போட 8 செக்கன்தான் நேரம். அம்மாயியின் ஒரு வரியைப் போனில் அளந்து பார்த்தேன், அதற்குள் அடங்குகிறது. கதையில் அது மல்லிகாவின் பாட்டி பாடிய பாட்டு. மல்லிகா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டியின் ஒரு வரியை வாய்க்குள் முணுமுணுப்பாள், அப்புறம் சேர்விஸ். யாருக்கு செட் பண்ணப் போகிறாள் என்பதை எதிரணிக்குக் காட்டாமல் முகத்தை ஒரே மாதிரி வைத்திருப்பது செட்டரின் வேலை. கங்காணி வரும்போது வார்த்தையை மாற்றிய பாட்டியின் பேத்திக்கு அது தானாகவே வரும்.

தோழி செல்விக்குத் தாளம் மட்டும்தான், பாட்டு இல்லை. அவள் ஸ்பைக்கர், எழும்பிப் பந்தை அடித்து இறக்குகிறவள். தப்பு மேளம் அடிக்கும் அண்ணனிடம் ஸ்பைக் வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினேன். சத்தத்தை நிறுத்திவிட்டுக் கால்களை மட்டும் பார்த்தார். முதல் எட்டு ஆற அமர, அடுத்தது நீளமாக, கடைசி இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அப்புறம் எழும்பல். மாசி மாதக் காமன் கூத்தில் ஆட்டம் வேகம் பிடிக்கிற இடத்தில் வரும் அடி ஒன்றை அதற்கு எடுத்துத் தந்தார். ஒரு காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டி எண்ணுவதற்கு, எழுப்பியதும் தப்புதான் என்பதால், அந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் தன் அம்மா திடுக்கிட்டு எழும்புவார் என்றும் சொன்னார். அதையும் கதைக்குள் சேர்த்துவிட்டேன். அண்ணே, கோபிக்காதீர்கள்.

கோச்சுக்கு எல்லாரும் பக்திப் பாட்டு சொன்னீர்கள். ஓய்வுபெற்ற ஹட்டன் சேர் மட்டும், "அந்த ஆள் எழுபதுகள்ல வாலிபன். ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் பொப் பாட்டுக்குக் கால் ஆட்டாம இருந்திருப்பானா?" என்றார். அவ்வளவுதான், முடிந்தது.

கொழும்பு ஸ்கூலில் இருந்து வரும் போட்டிக்காரிக்கு என் அக்கா மகள் கொரியன் பாட்டு ஒன்றைத் தந்தாள். கூடவே ஒரு எச்சரிக்கை: "அவ அத முழுசா கேட்டிருக்க மாட்டா. கோரஸ் முடிஞ்சதும் மாத்திருவா." பதினாறு வயசுக்குத் தெரிகிறது நமக்குத் தெரிவதில்லை. போட்டிக்காரி ஐந்தாவது செட்டில் பொறுமை இழப்பது இங்கிருந்து வந்ததுதான்.

பஸ் டிரைவர் அண்ணனுக்குப் பெரிய கும்பிடு. பென் டிரைவையே கழற்றித் தந்தார். அதில் இரண்டே போல்டர்: 'ராஜா', 'மத்தது'. 1976இல் இளையராஜா சினிமாவுக்கு வந்த பிறகு 'மத்தது' எதற்கு என்று கேட்டால், பயணிகள் சண்டை பிடிக்காமல் இருக்கவாம். ரவியும் மல்லிகாவும் முதன்முதலில் ஒரே சீட்டில் உட்காரும் பயணத்துக்குப் பாட்டு கேட்டபோது, பாட்டை விட்டுவிட்டு ரோட்டைப் பற்றிப் பேசினார். "ஏத்தத்துல எஞ்சின்தான் பாடும். கினிகத்தேனை இறக்கத்துல வைங்க, அங்கதான் வார்த்தை விளங்கும்." அதனால் கதையில் அவர்கள் ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகிறார்கள். முதலில் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

அதே பஸ்ஸின் பின் சீட்டில் பைலா என்கிற ஆட்டப் பாட்டைப் பாடும் ரவியின் சிங்கள நண்பனுக்கு வரிகளைச் சரி பார்த்துத் தந்த கினிகத்தேனை மல்லிக்கும் (சிங்களத்தில் 'தம்பி') நன்றி. அந்த வரிகள் புத்தகத்தில் இல்லை, காரணம் அடுத்த ஆள்.

சட்டம் படித்த தங்கச்சி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகும் 70 வருஷம் பாட்டு வரிகளுக்கு உரிமை இருக்கிறது, அனுமதி வாங்காமல் அச்சடிக்க முடியாது என்று சொல்லி, கையெழுத்துப் பிரதியில் இருந்த வரிகள் எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்துவிட்டாள். பாட்டின் பெயரைச் சொல்லலாம், வரியைப் போடக் கூடாது. அன்றைக்கு அவளைத் திட்டினேன். ஆனால் வரி போன இடத்தில் பஸ் சத்தமும் வாளிச் சத்தமும் சலூன் கத்தரிச் சத்தமும் எழுத வேண்டி வந்தது, அது கதைக்கு நல்லதாகவே முடிந்தது. அம்மாயியின் பாட்டு மட்டும், அவர் சம்மதத்தோடு, முழுசாக இருக்கிறது.

புத்தகங்கள் ஹட்டனுக்கு வந்ததும் ஆளுக்கொன்று வீட்டுக்கு வரும். அம்மாயிக்கு எழுத்து வாசிக்க வராது, பேத்திதான் வாசித்துக் காட்டப் போகிறாள். இருபத்தொன்றாம் அத்தியாயத்தைக் கொஞ்சம் தாண்டி வாசி என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாயி தாண்ட விடமாட்டார்.

அன்புடன்,
உங்கள் பாட்டுகளைக் கடன் வாங்கியவள்