செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் மரபுக் கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் செயற்குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. கூட்டம் நடத்தத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) சேராமல் சில கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாளும் மாணவர்களுக்கான மரபு நடையும் வழக்கம்போல் நடந்தேறின.

பாகஸ்தர்களான கூட்டு உரிமையாளர்களின் ஒப்புதலுடன் நாம் பழுதுபார்த்துவரும் வைசியாள் வீதி வணிகர் வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் பெருமழையில், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தின் கட்டைக்குத்துத் தளம் (மரங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பிட்ட கூரை) ஒழுகியது. வெளிப்பார்வைக்குப் பழுதின்றித் தெரிந்த தேக்கு உத்தரம் ஒன்றில், சுவரை ஒட்டிய முனையில் தச்சர் உளியை வைத்து அழுத்தியதும் அது தடையின்றி உள்ளே இறங்கியது. மரம் மாவாக உதிர்ந்தது. இதற்குப் புயல் மட்டும் காரணமன்று. முன்னொரு காலத்தில் அங்கே பூசப்பட்ட சிமெண்டு, சுவரின் ஈரத்தை வெளியே விடாமல் மரத்தின் முனையிலேயே தேக்கி வைத்திருந்தது. எனவே சிமெண்டைக் கொத்தி எடுத்து, இற்ற பகுதியை மட்டும் அறுத்து, பழைய தேக்கிலேயே ஒட்டுப்போட்டு, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்பில் தளத்தை மீண்டும் அமைத்தோம்.

சுண்ணாம்பு இறுகுவதற்குக் காலம் பிடிக்கும். இரும்பு உத்தரம் போட்டு விரைவில் முடித்திருக்கலாம் என்று வெளியே பேசிய உறுப்பினர்கள், அழைத்தபோது சாரத்தின் மேல் ஒருமுறை ஏறிப் பார்த்திருந்தால் அவ்வாறு சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். 2014 நவம்பர் மழையில் பிரெஞ்சுக்கால நகர்மன்றமான மேரி கட்டடம் சரிந்ததை இந்நகரம் கண்டது. அதன் தோற்றத்தில் புதிய கட்டடம் எழும்பியது, பழையது திரும்பவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தாக்கல் செய்வார். மரமும் தச்சர் கூலியுமே செலவின் பெரும்பகுதி. கையிருப்பு மனநிறைவு தரும் நிலையில் இல்லை. சந்தா நிலுவை வைத்திருப்போரில் பலர் நினைவூட்டல் கடிதத்துக்குப் பதிலும் எழுதவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

நன்கொடையாளர்களுக்கும், தச்சர், கொத்தனார் ஆகியோருக்கும், கூட்டங்களுக்குத் தவறாமல் வந்த உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் தெருத் திண்ணையின் மரத்தூண்களைச் சீர்செய்தாக வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் பணி முடிய வேண்டுமானால், தச்சர் வேறு வேலையை ஒப்புக்கொள்வதற்குள் முன்பணம் கொடுத்தாக வேண்டும். ரசீதுப் புத்தகத்தைப் பொருளாளர் இன்று உடன் கொண்டுவந்துள்ளார்.

இவண்,
செயலாளர்