செயலாளர் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா, கோடைச் சுற்றுலா மூன்றும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நம் உழைப்பில் பெரும்பகுதி இந்த ஆண்டு, அமெரிக்கப் படையில் இருந்தவர்களின் தற்கொலையைத் தடுக்க வேலை செய்யும் நம் படைவீரர் குழுவுக்கே போனதால், மீதி அறிக்கையும் அதைப் பற்றித்தான்.

தமிழ்ச் சங்கத்துக்கு இந்த வேலை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். 2009இல் ஆள் எடுக்கத் தொடங்கிய மாவ்னி திட்டம், மாணவர் விசாவில் இருந்தவர்களையும் மொழித்திறனுக்காக அமெரிக்க ராணுவத்தில் சேர்த்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016இல் நிறுத்தப்படும் வரை அந்த வழியில் போனவர்கள் நம் உறுப்பினர்களில் உண்டு. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் வளரும் நம் பிள்ளைகள் கடற்படைக்கும் மரீன் படைக்கும் போவது தனிக்கதை.

நாடு முழுவதும் 2022இல் தற்கொலை செய்துகொண்ட முன்னாள் படைவீரர்கள் 6,407 பேர் என்கிறது மத்திய படைவீரர் நலத்துறையான வி.ஏ. இப்போது எண்ணிக்கை ஓரளவு ஒழுங்காக வருகிறது. வி.ஏ.வின் 2012ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து எல்லோரும் மேடையில் சொன்ன 'நாளைக்கு 22 பேர்' கணக்கு 21 மாநிலத் தரவிலிருந்து போட்டது. இவ்வளவு படைவீரர்கள் வாழும் கலிஃபோர்னியாவே அதில் இல்லை. மாநிலமும் தானாக எண்ணுவது இதனால்தான் முக்கியம். ஃபிரெஸ்னோ தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும் மருத்துவருமான ஹோவாக்கின் அரம்புலா கொண்டுவந்த ஏபி 242 மசோதா 2017இல் சட்டமானது. அதன்படி, மின்னணு இறப்புப் பதிவேட்டிலிருந்து முன்னாள் படைவீரர்களின் தற்கொலை விவரத்தைத் திரட்டி, மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை ஆண்டுதோறும் சட்டமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும்.

சட்டம் நல்லதுதான். ஆனால் அது கேட்பது வயது, பாலினம், இனம், இறந்த முறை. அந்த மனிதர் உதவி கேட்டாரா, கேட்டும் கிடைக்காமல் போனதா என்பது இறப்புச் சான்றிதழில் இருக்காது. நம்மைப் போன்ற சிறு சமூகத்தின் எண்ணிக்கையும் தனியே தெரியப்போவதில்லை. எண் மிகச் சிறிதானால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம் என்று மறைத்துவிடுவார்கள். அது சரிதான்.

இறுதிச் சடங்கு நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருவரை அழைத்து மார்ச்சில் கூட்டம் நடத்தினோம். அவர் ஒரு மாதிரிப் படிவத்தைத் திரையில் காட்டினார். இறந்தவரின் படிப்பு, தொழில், பெற்றோர் பெயர் என்று போகும் கட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கேள்வி: அமெரிக்கப் படையில் எப்போதாவது இருந்தாரா? ஆம், இல்லை, தெரியாது. இறப்பு எப்படி நேர்ந்தது என்பதைக் கவுண்டியின் மருத்துவப் பரிசோதகர் முடிவு செய்கிறார். அக்கம்பக்கத்தில் மாரடைப்பு என்று நாம் சொல்லிக்கொள்வது அங்கே செல்லாது. இந்தக் கேள்விக்கு மட்டும் குடும்பம் சொல்வதுதான் பதில். இரவெல்லாம் தூங்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் அண்ணனோ மைத்துனரோ 'தெரியாது' என்றால், அந்த மரணம் ஏபி 242 கணக்கில் வராமலே போகலாம். மிராமர் தேசியக் கல்லறையில் இடம் கேட்பவர்களிடம் படைவிடுப்புச் சான்றான டிடி-214ஐக் கேட்பார்கள். நாம் தகனம் செய்து சாம்பலை ராமேஸ்வரத்துக்கு எடுத்துப் போகிறவர்கள். அந்தக் காகிதத்தைத் தேட வேண்டிய அவசியமே வருவதில்லை.

இந்திய ராணுவத்தின் மதராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வுபெற்று மகனோடு வசிக்கும் பெரியவர் ஒருவர், "எங்களையும் எண்ணுவாங்களா தம்பி?" என்றார். இல்லை ஐயா, அமெரிக்கப் படைதான் கணக்கு. ஆனால் தற்கொலை நெருக்கடிக்கான உதவி எண்ணான 988ஐ யாரும் அழைக்கலாம். முன்னாள் படைவீரர்கள் அழைத்தவுடன் 1ஐ அழுத்த வேண்டும். பேச மனமில்லாதவர்கள் 838255க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். 2023 ஜனவரி முதல், தற்கொலை நெருக்கடியில் இருக்கும் முன்னாள் படைவீரர் வி.ஏ.வில் பதிவு செய்யாதிருந்தாலும் அவசர சிகிச்சைக்குச் செலவை வி.ஏ. ஏற்கிறது. இது கூட்டத்தில் பாதிப்பேருக்குப் புதுச் செய்தி.

விழாக்களில் வி.ஏ. இலவசமாகத் தரும் துப்பாக்கிப் பூட்டுகளையும் வைத்தோம். முதலில் ஒருவரும் மேசைப் பக்கம் வரவில்லை. அப்புறம் அதைக் கழிவறைக்குப் போகும் வழியில் தள்ளிப் போட்டோம். மாலைக்குள் பெட்டி காலி.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் தீர்மானம் ஒன்றுதான். உறுப்பினர் படிவத்தில் 'படையில் பணியாற்றியவர் வீட்டில் உண்டா' என்ற கேள்வியைச் சேர்ப்பது; விரும்பினால் மட்டும் நிரப்பலாம். உண்டு என்பவர்களிடம் டிடி-214 எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்காவது சொல்லி வைக்கும்படி குழு பேசும். இதற்குத் தொலைபேசியில் பொறுமையாகப் பேசத் தெரிந்த தன்னார்வலர்கள் தேவை. மதிய உணவுக்கு முன் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்