கள மேற்பார்வைப் பணியில் ஓய்வுபெற்ற இராணுவ அலுவலரை அமர்த்தியதைத் திரும்பப் பெறக் கோரும் மனு

அனுப்புநர்:
கிராம சுகாதார செவிலியர்கள்,
மேற்கு மலையடிவாரத் துணை சுகாதார நிலையங்கள்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மதுரை.

பார்வை: வட்டார அளவில் நாங்கள் நேரில் அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மூன்று மனுக்களுக்கும் இதுநாள்வரை பதில் வராததால், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் தங்கள் கவனத்துக்கு இதைக் கொண்டு வருகிறோம்.

1. கிராம சுகாதார செவிலியர், பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் என்று படிப்படியாக வந்தவர்களே இதுவரை எங்கள் களப்பணியை மேற்பார்த்தனர். அந்த இடத்தில் இப்போது ஓய்வுபெற்ற இராணுவ அலுவலர் ஒருவர் ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டுள்ளார். அவர் நேரம் தவறாதவர், கடுஞ்சொல் பேசாதவர். எங்களில் சிலரின் வீட்டுக்காரர்களும் பட்டாளத்தில் இருந்தவர்களே. ஆகவே இந்த மனு எந்தத் தனிமனிதர் மீதும் கொண்ட பகையால் எழுதப்பட்டதன்று.

2. அவர் வந்தபின், காலை எட்டரை மணிக்கு நாங்கள் அனைவரும் சீருடையில் தலைமை நிலையத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுத்த பிறகே கிராமத்துக்குப் போகவேண்டும் என்று ஆணையாகியுள்ளது. எங்கள் ஊர்களின் நடப்பைத் தாங்கள் அறிவீர்கள். மல்லிகை மொட்டை வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டும் என்பதால் பெண்கள் இருட்டிலேயே தோட்டத்துக்குப் போய், எட்டு மணி வாக்கில் வீடு திரும்பி, கஞ்சியைக் குடித்துவிட்டு ஒன்பது மணிக்கு நூறு நாள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கர்ப்பிணிகளும் அப்படித்தான். வீட்டில் அவர்களைப் பிடிக்க எங்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரமே. அந்த நேரத்தில் நாங்கள் எதிர்த்திசையில் பத்து கிலோமீட்டர் தள்ளி வரிசையில் நிற்கிறோம். திரும்பும் பேருந்து பத்தே முக்காலுக்குத்தான்.

எங்களில் ஒருவராகிய நான், எட்டாம் மாதத்துத் தாய் ஒருவரை இப்படியே இரண்டு நாள் தவறவிட்டேன். மூன்றாம் நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரைக்கே தேடிப் போனேன். இரத்த அழுத்தம் 150/100. கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. தலைவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருந்தார். கரையிலிருந்தபடியே 108-ஐ அழைத்து அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பினோம். தாயும் சேயும் பிழைத்தார்கள். நான் அந்த இரண்டு நாளும் எட்டரைக்குச் சரியாக வரிசையில் நின்றதாகப் பதிவேட்டில் இருக்கிறது. அதற்காக யாரும் என்மீது குற்றம் சொல்ல முடியாது, ஐயா. அதுதான் தாங்க முடியவில்லை.

3. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது விதி. ஊர்களில் மக்கள் எண்ணிக்கை கூடினாலும் பார்க்கும் செவிலியர் கூடவில்லை.

4. வரிசையில் அவர் கேட்பதெல்லாம் யார் வந்தார், யார் வரவில்லை என்பதே. எவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது, எந்தக் குழந்தைக்கு எடை ஏறவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க அவருக்குத் தெரியாது, அது அவர் குற்றமும் அன்று. தெரியாதவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார்? இருபது ஆண்டு பிரசவம் பார்த்தவர் கண்ணெதிரே இருக்க, கட்டுப்பாடு வேண்டும் என்று வெளியே தேடியது ஏன்? மூன்று முறை கேட்டோம். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை மட்டுமே மிஞ்சியது.

5. 1962-இல் பர்மாவில் இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தபின் அங்கிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் நம் பக்கத்திலும் உண்டு. உடுப்பு போட்டவர் எல்லா அலுவலகத்திலும் வந்து அமர்ந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறியலாம். அதே நாட்டில் 2015 ஆகஸ்டில், சுகாதார அமைச்சகப் பதவிகளுக்கு இராணுவ அதிகாரிகள் மாற்றப்பட்டதை எதிர்த்து மருத்துவர்களும் செவிலியர்களும் கறுப்பு நாடா அணிந்தார்கள். அங்கே நடந்தது பெரிது, எங்களுடையது சிறிது. ஒப்பிடுவது மிகை என்று தங்களுக்குத் தோன்றலாம். ஆயினும் துறைக்குள் வளர்ந்தவர் அமரவேண்டிய இடத்தில் வேறொருவர் அமர்வது என்ற வருத்தம் ஒன்றுதான். நாங்களும் கறுப்பு நாடா அணிந்தே வேலை செய்கிறோம். ஒரு தடுப்பூசியும் நிற்கவில்லை.

ஆகவே, இந்த நியமனத்தைத் திரும்பப் பெற்று மேற்பார்வையைச் சமுதாய சுகாதார செவிலியரிடமே ஒப்படைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். அதற்கு நாளாகுமெனில், எட்டரை மணி வரிசையையாவது உடனே நிறுத்த உத்தரவிடுங்கள். வரும் புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று காலையாவது எங்களை நேரே ஊருக்குப் போக விடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிராம சுகாதார செவிலியர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள், முத்திரையுடன்.