லைசென்ஸ் விஷயமாக

அன்புள்ள சேகர்,

பிரிஸ்டல் வேலை உறுதியான செய்தி கிடைத்தது, ரொம்ப சந்தோஷம். மாலதியும் பிள்ளைகளும் பள்ளி ஆண்டு முடிந்துதான் வருவார்கள் என்றால் இன்னும் நல்லது. அதற்குள் கார் விவகாரத்தை முடித்துவிடு.

நம் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு பிரிட்டன் லைசென்ஸாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தாய். இந்திய லைசென்ஸை அங்கே மாற்றித் தரமாட்டார்கள். சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, அமீரகம் போன்ற சில நாடுகளுக்குத்தான் அந்தச் சலுகை. அதிலும் அந்த நாட்டிலேயே டெஸ்ட் எழுதி, ஓட்டிக் காட்டி வாங்கியிருக்க வேண்டும். நம் லைசென்ஸை வைத்து, குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம், அவ்வளவுதான். அதற்குள் அங்கே டெஸ்ட் பாஸ் செய்து அவர்கள் லைசென்ஸை வாங்கிவிட வேண்டும். நடுவில் லீவுக்கு ஊருக்கு வந்துபோனால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பிரிட்டனில் மட்டும் ஓட்ட இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வேண்டாம், அதற்காக ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலையாதே.

ஒரு வருஷம் இருக்கிறதே என்று அசந்துவிடுவதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். ஓட்டிக் காட்டும் டெஸ்டுக்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. 12 மாதம் கடந்தால் நீயும் எல் போர்டு மாட்டி, 21 வயது தாண்டிய, 3 வருஷமாக லைசென்ஸ் வைத்திருப்பவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் ஓட்ட வேண்டும். மீறினால் இன்சூரன்ஸும் செல்லாது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றத்துக்கே குறைந்தது 6 அபராதப் புள்ளி. புது லைசென்ஸ் வாங்கி 2 வருஷத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும்.

அதனால் போன முதல் மாதமே ப்ரொவிஷனல் லைசென்ஸுக்கு (நம் ஊர் எல்.எல்.ஆர். மாதிரி) ஆன்லைனில் விண்ணப்பித்துவிடு, 34 பவுண்டு. அது கைக்கு வந்தாலும் நம் லைசென்ஸின் 12 மாதம் குறையாது. அடுத்து தியரி என்கிற கேள்வி-பதில் டெஸ்ட், 23 பவுண்டு. 57 நிமிடத்தில் 50 கேள்வி, 43 சரியாக வேண்டும். படித்தால் வரும். அதோடு சேர்ந்த வீடியோ பகுதிதான் கொஞ்சம் வம்பு. 14 காட்சிகளில் ஆபத்து உருவாகத் தொடங்கும்போதே கிளிக் செய்ய வேண்டும், 75க்கு 44. எதற்கும் இருக்கட்டும் என்று தட்டிக்கொண்டே இருந்தால் அந்தக் காட்சிக்குச் சுழியம்தான். பாஸ் செய்தால் 2 வருஷம் செல்லும்.

ஓட்டிக் காட்டும் டெஸ்ட் வார நாளில் 62 பவுண்டு, மாலையிலும் வார இறுதியிலும் 75. சின்னத் தவறு 15 வரை மன்னிப்பு, பெரிய தவறு ஒன்று போதும் பெயில். முதலில் 20 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொல்வார்கள், கண்ணாடி போடுகிறவன் நீ, மறந்துவிடாதே.

அங்கும் இடப்பக்கம்தானே என்று நினைப்பாய். கால் தடுக்குவது அதில் இல்லை. நகர்வதற்கு முன் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்காவிட்டால் தவறு. ரவுண்டானாவில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவனுக்குத்தான் முதல் வழி. மூக்கை நுழைத்தால் அவன் நிற்பான் என்ற நம் கணக்கு எடுபடாது. வழி தெளிவாக இருந்தும் தயங்கி நின்றாலும் தவறு. ஹெட்லைட் அடித்தால் நம் ஊரில் "நான் வருகிறேன், நில்" என்று பொருள். அங்கே பெரும்பாலும் "நீ போ" என்பதற்கு அடிப்பார்கள். ஆனால் அதை நம்பியும் நகராதே, சாலை விதி அதை அனுமதியாகக் கொள்வதில்லை. பழகிய கைதான் என்றாலும் அங்குள்ள பயிற்றுநரிடம் சில மணி நேரமாவது ஓட்டிப் பார். ஆட்டோமேட்டிக்கில் பாஸ் செய்தால் பிறகு கியர் வண்டி தொட முடியாது, யோசித்துக்கொள்.

கிளம்புமுன் உன் லைசென்ஸ் எந்தத் தேதிவரை என்று பார். முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். 40 தாண்டிவிட்டதால் டாக்டர் சான்றிதழும் வேண்டும், அதை இங்கேயே முடித்துக்கொள்வது சுலபம். தேதியைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

உன்,
கண்ணன்