மாப்பிள்ளை, ஃபார்மேட் அடித்துவிடாதே

காவேரிப்பட்டணம்,
ஞாயிறு மாலை

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் மெயில் வியாழக்கிழமையே வந்துவிட்டது. பெங்களூரா மாங்காய் லோடு ஏற்றி முடிக்க நேற்று இரவு ஆகிவிட்டதால் இன்றுதான் உட்கார முடிந்தது. கூழ் ஆலைக்குப் போக வேண்டியதெல்லாம் போய்விட்டது. தோப்பில் இனி நீலம் மாங்காய் மட்டும்தான் பாக்கி. அம்மா நன்றாக இருக்கிறாள், முழங்கால் வலிதான் விடமாட்டேன் என்கிறது. "அந்தத் தருமபுரிப் பையன் இந்தப் பக்கமே வர்றதில்லையே" என்று போன வாரம்கூடக் கேட்டாள். இரண்டு ஊரும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் வாரம் ஒருமுறை நீ இங்கே சாப்பிட்டவன். 2004இல் மாவட்டம் பிரிந்ததோடு நீயும் பிரிந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டதா? அதை எழுதவே இல்லையே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் மிண்ட் போட்ட உன் கணினியில் நெட் விட்டுவிட்டு நிற்கிறது, லாகின் திரை உள்ளே விடவில்லை, கடிகாரம் தள்ளிப் போகிறது என்று எழுதியிருந்தாய். அதைவிட உன் மெயிலின் கடைசி வரிதான் என்னை உலுக்கிவிட்டது. புதன்கிழமை கடைப் பையன் வந்து ஃபார்மேட் அடித்து, அதாவது டிஸ்கில் இருப்பதையெல்லாம் அழித்து, புதிதாகப் போட்டுக் கொடுப்பான் என்று எழுதியிருக்கிறாய். அவனை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. சில நாள் தள்ளிப் போடு, போதும். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உனக்குச் சொல்கிறேன்.

போன வருடம் ஆடி மாதம் எங்கள் வீட்டில் நெட் இப்படித்தான் இழுத்தடித்தது. அரை மணி நேரம் ஓடும், பத்து நிமிடம் நிற்கும், தானாகவே திரும்ப வரும். கேபிள்காரரை இரண்டு முறை கூப்பிட்டேன். அவர் ஃபைபர் பெட்டியைப் பார்த்தார், பச்சை விளக்கு நிலையாக எரிந்தது. எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால்தான் ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். அது அணைந்தே இருந்தது. "லைன் சுத்தமா இருக்குங்க, உங்க கம்ப்யூட்டர்லதான் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. நான் இரண்டாம் பாதியையும் நம்பி, ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாலையில் திரும்பி வந்தது. எல்லாம் புதிதாக, சுத்தமாக இருந்தது. 2014இலிருந்து நான் எழுதி வந்த தோப்புக் கணக்கு இல்லை. எந்த வருடம் எந்த வரிசை மரம் எத்தனை பெட்டி காய் கொடுத்தது, எந்த வருடம் பூச்சி விழுந்தது, யாருக்கு என்ன விலைக்குக் கொடுத்தேன் என்று அப்பா இருந்தபோது அவரும் நானுமாக உட்கார்ந்து எழுதியது. வேறு நகல் எடுத்து வைக்கவில்லை. அன்று இரவு நெட்டைப் போட்டேன். அரை மணி நேரம் ஓடியது, நின்றது.

கோளாறு கணினியிலேயே இல்லை மாப்பிள்ளை.

அதற்கப்புறம்தான் பொறுமையாக உட்கார்ந்து தேடினேன். எங்கள் வீட்டுச் சுவர் உனக்குத் தெரியும், தாத்தா கருங்கல் வைத்துக் கட்டியது, ஒன்றரை அடி கனம். ஃபைபர் பெட்டி முன்னறையில் இருக்கிறது. வைஃபை அந்தச் சுவரைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போவதற்குள் செத்துவிடும், அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுத்தமாகப் போகாது. 2.4 ஏதோ தவழ்ந்து போகும். அதனால் பெரியவன் ஓசூரிலிருந்து இன்னொரு ரவுட்டர், அதாவது வைஃபை கொடுக்கும் பெட்டி, வாங்கி வந்து, நீளமாக ஒரு கேபிள் இழுத்துப் பின்கட்டில் வைத்தான். கேபிளை இரண்டு பெட்டியிலும் லேன் என்று எழுதிய, வீட்டுக் கணினிகளைச் சேர்க்கும் துளையில் செருகியிருந்தான். அதற்குப் பிறகுதான் இந்த வம்பு ஆரம்பித்தது. பின்கட்டில் போன்கள் பளிச்சென்று சிக்னல் காட்டியதால் யாருக்கும் அந்தப் பெட்டிமேல் சந்தேகம் வரவில்லை.

இப்போது கவனமாகப் படி. கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழில் எழுதுகிறேன், நீ டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டு. 'பிங்' என்று போட்டு 192.168.1.1 என்று அடித்தால் வீட்டு ரவுட்டரோடு பேச்சு இருக்கிறதா என்று தெரியும். நெட் நின்ற நேரத்தில் அடித்தேன், ஒரு மில்லி செகண்டில் பதில் வந்தது. அடுத்து 'பிங்' 8.8.8.8, இது வெளியுலகத்துக்கு. பதில் இல்லை. ரவுட்டர் பதில் சொல்கிறது, வெளியே போகவில்லை என்றால் கேபிள்காரர் பக்கம்தான் கோளாறு என்றுதானே யாரும் சொல்வார்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதே நேரத்தில் முன்னறை வைஃபையில் இருந்த என் போனில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் 'ஐபி நெய்' என்ற கட்டளையைப் பிடித்தேன். நெய்பர் என்பதன் சுருக்கம், அக்கம்பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கணினி வைத்திருக்கும் பட்டியல். ஒவ்வொரு முகவரிக்கும் எதிரில் அந்தப் பெட்டியின் மேக் முகவரி இருக்கும், இரண்டிரண்டாகப் பன்னிரண்டு எழுத்து. நெட் ஓடும்போது 192.168.1.1க்கு எதிரில் இருந்ததை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். நின்றவுடன் மறுபடி பார்த்தேன். அதே 192.168.1.1, எதிரில் வேறு எழுத்து! ஃபைபர் பெட்டியைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். முதல் ஆறு எழுத்து தயாரித்த கம்பெனியைக் குறிக்கும். ஓடும்போது எழுதியதோடு அது பொருந்தியது. பின்கட்டுக்குப் போய்ப் புதுப் பெட்டியைக் கவிழ்த்தேன். நின்றபோது எழுதியது அங்கே இருந்தது.

இரண்டு பெட்டியும் கடையிலிருந்து வரும்போதே 192.168.1.1 என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு வந்திருக்கின்றன. கணினி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது ஃபைபர் பெட்டி முந்திக்கொண்டால் நெட் வரும். பின்கட்டுப் பெட்டி முந்திக்கொண்டால், அதற்குத்தான் வெளியே போக வழியே கிடையாதே, எல்லாம் அங்கேயே நின்றுவிடும். இது போதாதென்று இரண்டும் தனித்தனியாக வீட்டுக்குள் முகவரி பங்கிட்டுக்கொண்டிருந்தன. சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆனது. புதுப் பெட்டியின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, அதில் முகவரி பங்கிடும் வேலையைச் செய்யும் டிஹெச்சிபி என்பதை அணைத்தேன். அன்றிலிருந்து ஒரு நாள்கூட நெட் நின்றதில்லை. கணக்கு மட்டும் திரும்பி வரவில்லை.

உன் வீட்டில் இதேதான் என்று சொல்ல மாட்டேன். நீ இரண்டாவது ரவுட்டர் பற்றி எழுதவில்லை. ஆனால் தேடும் வழி ஒன்றுதான். தோப்பில் கடைசி மரத்துக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அப்பா மோட்டாரைக் கழற்ற மாட்டார். கிணற்று மேட்டிலிருந்து பைப்போடு நடந்து வருவார், எந்த இடம் வரை ஈரம் இருக்கிறது என்று பார்ப்பார். நீயும் அப்படி நட. முதலில் 'ஐபி ஏ' என்று அடித்து உன் கணினிக்கு முகவரி வந்திருக்கிறதா பார். வரவில்லையென்றால் கேபிள், வைஃபை குச்சி, இல்லை ரவுட்டர். 'ஐபி ஆர்' என்று அடித்தால் டிஃபால்ட் என்ற வரியில் ரவுட்டரின் முகவரி இருக்கும், அதற்குப் பிங். அப்புறம் 8.8.8.8. அப்புறம் ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்குப் பிங். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு மட்டும் 'நேம் ரெசொல்யூஷன்' என்று பிழை காட்டினால் லைன் நன்றாகவே இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ்தான் படுத்திருக்கிறது. நெட்வொர்க் செட்டிங்ஸில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் போட்டு இணைப்பை அணைத்துத் திரும்பப் போடு. நின்ற நேரத்திலேயே இதையெல்லாம் அடிக்க வேண்டும், ஓடும்போது அடித்துப் பயனில்லை. நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வை.

நீ யூஎஸ்பி வைஃபை குச்சி போட்டிருக்கிறாய், சும்மா விட்டு வந்தால்தான் நெட் போகிறது என்று எழுதியிருந்தாய். அது மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடாக இருக்கலாம். சும்மா இருக்கும்போது குச்சி தூங்கிவிடும், சில குச்சிகள் எழுந்திருக்காது. இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரின் கான்ஃப் என்ற அமைப்பு ஃபைலில் வைஃபை பவர்சேவ் 3 என்று இருப்பதை 2 ஆக்கினால் தூங்காது. ஃபைல் எங்கே என்று போனில் சொல்கிறேன்.

அடுத்தது உன் லாகின் திரை. பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் திரை ஒருமுறை கறுத்துவிட்டு மறுபடி பாஸ்வேர்டு கேட்கிறது என்றாய். தப்பான பாஸ்வேர்டு என்று சொல்லவில்லை, கவனித்தாயா? உன்னை உள்ளே விட்டுத்தான் இருக்கிறது. டெஸ்க்டாப்தான் எழுந்து நிற்க முடியாமல் விழுகிறது. டிஸ்க் நிரம்பியிருந்தால் இப்படி ஆகும். அந்தத் திரையிலேயே கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்து. படம் எதுவும் இல்லாத கறுப்புத் திரை வரும், பயப்படாதே. பெயரும் பாஸ்வேர்டும் கொடு. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அது அப்படித்தான். உள்ளே போய் 'டிஎஃப் -எச்' என்று அடி, டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும். கடைசியில் சாய்கோடு மட்டும் இருக்கும் வரியில் 100% என்று இருந்தால் திருடன் அகப்பட்டான்.

யார் நிரப்பியது என்று பார்க்க 'எல்எஸ் -ஏஎல்எச்' அடி. பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த ஃபைல்கள் சாதாரணமாகக் கண்ணில் படாது, இதில் படும். எக்ஸ்செஷன்-எரர்ஸ் என்று ஒரு ஃபைல் இருக்கும். ஏதாவது ஒரு மென்பொருள் ஓயாமல் புலம்ப ஆரம்பித்தால் அதெல்லாம் அதில்தான் போய்ச் சேரும், கிலோபைட்டில் இருக்க வேண்டியது பல ஜிபிக்கு வீங்கிவிடும். அழிப்பதற்கு முன்னால் 'டெயில்' என்று போட்டு அதன் கடைசிப் பத்து வரியைப் படி, புலம்பியது யார் என்று தெரிந்துவிடும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் மறுபடி நிரம்பும். அது சின்னதாக இருந்தால், சிஸ்டத்தை நகல் எடுத்து வைக்கும் டைம்ஷிஃப்டைப் பார். மிண்டில் அது எடுத்து வைக்கும் நகல்கள் அதே டிஸ்கில் குவிந்திருந்தால் இடம் போய்விடும். பழைய நகல் இரண்டை அழித்தாலே மூச்சு வரும். 'சூடோ ஏபிடி கிளீன்' அடித்தாலும் கொஞ்சம் இடம் கிடைக்கும். சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டு என்று அர்த்தம்.

டிஸ்க் நிரம்பவில்லை என்றால், டெஸ்க்டாப்புக்கு அனுமதிச் சீட்டு மாதிரி இருக்கும் எக்ஸ்அதாரிட்டி என்ற புள்ளி ஃபைல் யார் பெயரில் இருக்கிறது என்று பார். உன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நிர்வாகியின் பெயரான 'ரூட்' என்று இருந்தால் அந்த ஃபைலின் பெயரை மாற்றி வைத்துவிட்டு லாகின் செய். புதிதாக ஒன்றை அதுவே உருவாக்கிக்கொள்ளும்.

கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போவது கோளாறே இல்லை. கணக்கு எழுதும் டேலிக்காக விண்டோஸையும் வைத்திருக்கிறாய் அல்லவா, அது மதர்போர்டு கடிகாரத்தில் நம் நேரத்தையே எழுதும். லினக்ஸ் அதை உலக நேரம் என்று எடுத்துக்கொண்டு 5:30 கூட்டிக் காட்டும். 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று சூடோ போட்டு ஒருமுறை அடித்தால் முடிந்தது. கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்று மாற்றும் நாடுகளில் இதனால் குழப்பம் வரும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவும் செய்து ஒன்றும் சரிவரவில்லை என்றால்கூட ஃபார்மேட்டுக்கு முன்னால் எனக்காக ஒரு காரியம் செய். மிண்ட் போட்ட அந்தப் பென்டிரைவை எடு, அதிலிருந்து கணினியை லைவாக ஏற்று. டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே முழு டெஸ்க்டாப்பும் ஓடும். அதிலும் நெட் அதே மாதிரி நின்றால் டிஸ்கில் இருக்கும் லினக்ஸ்மேல் தப்பில்லை, ஃபார்மேட் அடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்த ஒரு சோதனையை நான் செய்திருந்தால் எனக்குக் கணக்கு மிஞ்சியிருக்கும். அப்படியே அந்த லைவ் டெஸ்க்டாப்பிலிருந்து உன் ஹோம் ஃபோல்டரைத் திறந்து, கடைக் கணக்கு, பாப்பாவின் சர்டிஃபிகேட், ஒகேனக்கல் படங்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்டுடிஸ்கில் நகல் எடு. இதை நாளைக்கே செய், மற்றதெல்லாம் அப்புறம்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் நின்றபோது, அந்தப் பழைய கணினியைத் தூக்கிப் போடாமல் லினக்ஸுக்கு மாறினாயே, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதில் எதற்கும் காரணம் எங்காவது எழுதியிருக்கும். 'ஜர்னல்சிடிஎல் -பி -பி எர்' என்று அடித்துப் பார். ஆங்கிலத்தில் முதல் பி பூட்டுக்கு, இரண்டாவது பிரயாரிட்டிக்கு. இந்தமுறை கணினி எழுந்ததிலிருந்து என்னென்ன பிழை வந்தது என்று நேரத்தோடு காட்டும். எல்லாப் பிழையும் பெரிய பிழை இல்லை, சிவப்பு எழுத்தைப் பார்த்து மிரளாதே. நெட் நின்ற நிமிடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் படி.

'டிஎஃப்' வந்த திரையையும், நெட் ஓடும்போதும் நிற்கும்போதும் 'ஐபி நெய்' காட்டியதையும் போனில் படம் எடுத்து அனுப்பு. செவ்வாய் இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன், கணினி முன்னால் உட்கார்ந்திரு. சரியாகாவிட்டால் வரும் ஞாயிறு நானே பஸ் ஏறி வருகிறேன். அம்மா ஒரு பை நீலம் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
உன் கூட்டாளி