வேலைக்காக விசாவைத் தள்ளிப்போடும் தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

அமெரிக்காவில் இருக்கும் கணவரிடம் போவதற்கான விசா நடைமுறையைத் தொடர்ந்தால் இப்போதைய வேலையை விட வேண்டும், தொடராவிட்டால் வீட்டில் கேள்விமேல் கேள்வி, என்ன செய்யட்டும் அக்கா என்று கேட்டிருந்தாய். உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். இதே இடத்தில் மாட்டிக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர்.

வேலையை நினைத்து அமெரிக்க விசாவைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடுவதில் தப்பே இல்லை. அடுத்த வருடம் மேனேஜராகப் போகிறாய், கிராஜுவிட்டிக்கான 5 வருட சர்வீஸ் முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. இதையெல்லாம் சும்மா விட்டுவிட்டு வா என்று நான் சொல்லமாட்டேன். "புருஷன் அங்கே சம்பாதிக்கிறான், உனக்கு எதுக்கு வேலை" என்று கேட்கிறவர்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நீ லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் இல்லை.

ஆனால் தள்ளிப்போடுவதை எந்தக் கட்டத்தில் செய்கிறாய் என்பது முக்கியம். உன்னை மனைவியாக அழைத்துக்கொள்ள மாப்பிள்ளை போட்ட ஐ-130 மனு அனுமதியாகி, ஃபைல் இப்போது நேர்காணலுக்கு முன் பத்திரங்களை வாங்கிச் சரிபார்க்கும் நேஷனல் விசா சென்டரில், அதாவது என்விசியில் இருக்கிறது. அவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டதால் உன் பிரிவுக்கு வருடத்துக்கு இத்தனை விசாதான் என்ற உச்சவரம்பு கிடையாது. அதனால் 'நம்ம இடம் போய்விடுமோ' என்று பயப்பட வேண்டாம். அவர் கிரீன் கார்டில் இருந்திருந்தால் யாருடைய முறை வந்திருக்கிறது என்று சொல்லும் விசா புல்லட்டினை மாதாமாதம் பார்த்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். உனக்கு அந்தத் தொல்லை இல்லை.

உனக்கு இருக்கும் ஆபத்து வேறு. என்விசி கடிதம் வந்தபிறகு ஒரு வருடம் எதுவும் செய்யாமல், ஒரு வார்த்தை எழுதாமல் இருந்தால், சட்டப்படி அந்தப் பதிவையே ரத்து செய்யலாம். ரத்தானாலும், அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் திரும்ப உயிர் கொடுக்க வழி உண்டு, ஆனால் உன் கையில் இல்லாத காரணத்தால்தான் தாமதமானது என்று காட்ட வேண்டும். புரமோஷனுக்காகக் காத்திருந்தேன் என்பதை அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அப்புறம் மாப்பிள்ளை முதலிலிருந்து ஐ-130 போட்டு, பணம் கட்டி, மறுபடியும் காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால் தள்ளிப்போடு, ஆனால் மௌனமாக இருக்காதே. வருடத்துக்கு ஒருமுறைக்குக் குறையாமல் என்விசியின் இணையப் படிவத்தில், கேஸைத் தொடர விரும்புகிறோம், சில காரணங்களால் தாமதமாகிறது என்று எழுது. பதிலைச் சேமித்து வை. காத்திருக்க நினைத்தால் இந்தக் கட்டம்தான் வசதி. டிஎஸ்-260 விண்ணப்பம், பத்திரங்கள் எல்லாம் ஏற்றி முடித்து, எல்லாம் சரி என்று அவர்கள் சொல்லிவிட்டால், நேர்காணல் தேதி அவர்கள் கையில் போய்விடும். தேதி வந்தபிறகு நேர்காணல் நடக்கும் மும்பைத் துணைத் தூதரகத்துக்குப் போகாமல் இருப்பதைவிட, அதற்கு முன்படியில் நிற்பது நல்லது.

இந்தத் தாமதத்தில் உனக்கு ஒரு லாபமும் இருக்கிறது, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் கல்யாணமாகி 2 வருடம் ஆகவில்லையென்றால் கிடைப்பது 2 வருட நிபந்தனைக் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனு போட வேண்டும். கூட்டு வங்கிக் கணக்கு, வாடகைப் பத்திரம், போட்டோ என்று மறுபடியும் எல்லாவற்றையும் அடுக்க வேண்டும். 2 வருடம் தாண்டி நுழைந்தால் நேரே 10 வருடக் கார்டு. உங்கள் கல்யாணம் நடந்த மாதத்தை வைத்துப் பார்த்தால், கிராஜுவிட்டியும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வருகிறது.

சரி, வேலையை எப்போது விடுவது? என் தோழி ஒருத்தி நேர்காணல் தேதி வந்த அன்றே ராஜினாமா மெயில் அனுப்பினாள். நேர்காணல் நல்லபடியாகத்தான் போனது. ஆனால் 221(ஜி) என்று ஒரு சீட்டைக் கொடுத்து, இன்னும் சில பத்திரங்கள் வேண்டும், மேற்கொண்டு பார்க்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குள் ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்துவிட்டது. ஆபீஸ் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சம்பளமும் இல்லாமல் விசாவும் இல்லாமல் மாமியார் வீட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். காலையில் எழுந்ததும் விசா நிலவரப் பக்கத்தைத் திறப்பாள், அப்புறம் ராத்திரிவரை திறந்து திறந்து பார்ப்பாள்.

அதனால் விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை ராஜினாமா என்ற பேச்சையே எடுக்காதே. விசா பொதுவாக 6 மாதம்வரை செல்லும், ஆனால் மெடிக்கல் சான்று காலாவதியாகும் தேதியை அது தாண்டாது. மெடிக்கலை ரொம்ப முன்கூட்டிச் செய்தால் அந்த 6 மாதத்தில் நீயே கொஞ்சத்தைத் தின்றுவிடுவாய். நேர்காணலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள். உன் கம்பெனியில் 90 நாள் நோட்டீஸ். பாஸ்போர்ட் வந்த வாரமே கடிதம் கொடுத்தால் நோட்டீஸை முழுதாக முடித்துவிட்டும் பெட்டி கட்ட நேரம் இருக்கும்.

ஒரு தடவை போய் கிரீன் கார்டு வாங்கிவிட்டுத் இந்தியா திரும்பி அங்கேயே வேலையைத் தொடரலாமா என்றும் கேட்டிருந்தாய். எனக்கு அதில் இஷ்டமில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருக்க வேண்டுமானால் திரும்ப நுழைவதற்கான ரீஎன்ட்ரி பெர்மிட் வேண்டும், அதற்கு அமெரிக்காவில் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தாலே பின்னால் குடியுரிமைக்குத் தொடர்ந்து வசித்த கணக்கில் சிக்கல் வரும். கார்டு கிடைத்தபின் இந்தியச் சம்பளத்தையும் அமெரிக்க வரிக் கணக்கில் காட்ட வேண்டும். கார்டு என்பது அமெரிக்காவில் வாழ்வதற்குக் கொடுப்பது. நீ இன்னும் சென்னையில் வாழத்தான் நினைக்கிறாய் என்றால், கார்டையே கொஞ்சம் தள்ளி வாங்கு.

மாப்பிள்ளையின் கம்பெனியில் ஆட்குறைப்பு நடக்கிறதே, அவர் வேலை போனால் கேஸும் போய்விடுமா என்ற பயத்துக்கு வருகிறேன். போகாது. வேலை விசாவில் கூட்டிப்போவதுபோல இது அவருடைய கம்பெனியை நம்பி நிற்கவில்லை. ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழியில் வருமானம் வறுமைக்கோட்டு அளவின் 125 சதவீதத்தைத் தொட வேண்டும், அவ்வளவுதான். குறைந்தால் சேமிப்பைக் காட்டலாம், போதாதென்றால் இன்னொருவர் கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்துப் போடலாம். அது சாதாரணக் கையெழுத்து இல்லை, நீ குடியுரிமை வாங்கும்வரையோ 40 காலாண்டு உழைப்புக் கணக்கு சேரும்வரையோ பொதுவாக அவர்களைக் கட்டிப்போடும். உன் அத்திம்பேரிடம் பேசிவிட்டேன். தேவைப்பட்டால் நாங்கள் போடுகிறோம்.

இங்கே அமெரிக்காவுக்கு வந்தால் வேலை கிடைக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஆனால் நீ, வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குக் கொடுக்கும் எச்-4 விசாவில் வந்து அனுமதிக்காகக் காத்திருக்கும் மனைவி இல்லை. விமான நிலையத்தில் முத்திரை விழுந்த நாளிலிருந்தே வேலை செய்யலாம், கார்டு தபாலில் வரும்வரை அந்த முத்திரையே அத்தாட்சி. அதனால் இந்தக் காத்திருக்கும் மாதங்களில் ரெஸ்யூமேயைச் சரிசெய், உன் கம்பெனிக்கு அமெரிக்காவில் கிளை இருக்கிறதே, மாற்றல் கிடைக்குமா என்று கேள். மேனேஜராகிவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.

இதையெல்லாம் என்னிடம் கேட்கிறாய், மாப்பிள்ளையிடம் பேசினாயா? அவருக்கு நீ வேலைக்காகத் தயங்குகிறாயா, இல்லை அவரிடம் வரவே தயங்குகிறாயா என்று குழப்பம் இருக்கலாம். தூரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எந்த மாதம் வரை காத்திருக்கிறாய், ஏன், அதற்குப் பின் என்ன என்று தேதியோடு சொல். தேதி இருந்தால் அவரும் காத்திருப்பார்.

முதலில் என்விசி கடிதத்தை எடுத்து அதிலுள்ள தேதியை எனக்கு அனுப்பு. சித்தி என்ன சொல்வாளோ என்று நீ தயங்க வேண்டாம், அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா